பழைய சைடு டிரம் கைக்கு வந்தா எங்கிருந்து ஆரம்பிக்கணும்? புதுசா இறங்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் பழைய டிரம் நிறையவே கிடக்கு, அதை எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்ல. ஒரு காலத்துல கல்யாண ஊர்வலம், சர்ச் தேர்பவனி, முளைப்பாரி, கட்சி ஊர்வலம்னு எதுக்கெடுத்தாலும் பேண்டு செட்டுதான், இப்ப அந்த இடத்துக்கு செண்டை மேளமும் டிஜேவும் வந்துருச்சு, அதனால பேண்டு வச்சிருந்த வீடுகள்ல சைடு டிரம் எல்லாம் பரணுக்கு ஏறிருச்சு. பள்ளிக்கூட ஸ்டோர் ரூம், சர்ச்ல பாட்டுக்குழு ரூம் பீரோவுக்குப் பின்னாடி, பழைய இரும்புக் கடை தராசுக்குப் பக்கத்துலனு எங்க வேணா தட்டுப்படும். உடைச்சு கிலோ கணக்குல போட்டுட்டா கிடைக்கிறது பித்தளைக் காசு மட்டும்தான், அந்த சத்தம் திரும்பி வராது. அப்படி ஒண்ணு உங்ககிட்ட வந்திருந்தா அதை மறுபடி வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வர்றது எப்படினு இதுல சொல்றேன். 14 இஞ்சு சைடு டிரம், டிரம் செட்டுல ஸ்னேர்னு சொல்றோம்ல, அதை வச்சே சொல்றேன், ஏன்னா டிரம்லயே பாகம் ஜாஸ்தி உள்ளது அதுதான், இது பழகிட்டா டாம், பாஸ் டிரம் எல்லாம் லேசு.

வேலையை ஆரம்பிக்கும் முன்ன ஒண்ணு மட்டும் மனசுல போட்டுக்கங்க. திரும்ப பழையபடி ஆக்க முடியாத வேலை எதுவோ அதைக் கடைசிக்குத் தள்ளுங்க, முடிஞ்சா செய்யாமயே விடுங்க. துடைக்கிறது, எண்ணெய் விடுறது, தோல் மாத்துறது இதெல்லாம் எப்ப வேணாலும் மாத்திக்கலாம். புது ஓட்டை போடுறது, பெயிண்ட் அடிக்கிறது, மறுபடி முலாம் பூசுறது, விளிம்பைத் தேய்க்கிறது இதெல்லாம் ஒரு தடவை செஞ்சா செஞ்சதுதான். துருவும் கரையானும் கெடுத்த டிரம்மை விட, பளபளன்னு வேணும்னு பட்டறையில குடுத்து பஃப் போட்டே கெட்டுப்போன டிரம்மைத்தான் நான் அதிகமா பார்க்கிறேன், அதனாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

பிரிக்கும் முன்ன என்ன சரக்குனு பாருங்க

போன்ல போட்டோ எடுங்க, நாலு பக்கமும், மேலயும் கீழயும். முக்கியமா கீழ்த்தோலை ஒட்டி ஓடுற கம்பியை இழுத்து விடுற லிவர் இருக்குல்ல, ஸ்ட்ரெய்னர், அதுல கயிறு எப்படி நுழைஞ்சு எங்க முடிஞ்சிருக்குனு கிட்ட வச்சு எடுங்க. பிரிச்சதுக்கு அப்புறம் அதை நினைவுல இருந்து கோக்கலாம்னு நினைச்சா சுத்தமா வராது.

அடுத்து ஒரு காந்தம். ஷெல்லுல, அதாவது டிரம்மோட உருளை உடம்புல, ஒட்டினா இரும்பு. ஒட்டலைனா பித்தளையா இருக்கலாம் இல்ல அலுமினியமா இருக்கலாம், தூக்கிப் பார்த்தாலே தெரிஞ்சுரும், பித்தளை கையை இழுக்கும். மேல குரோம் பூசியிருந்தாலும் காந்தம் பொய் சொல்லாது. இது ஏன் முக்கியம்னா சுத்தம் பண்ற முறை உலோகத்துக்கு உலோகம் மாறும்.

பேட்ஜ் இருந்தா படிங்க. சிகாகோ டிரம் கம்பெனி லுட்விக்ல கீஸ்டோன் பேட்ஜ்னு மேல அகலமா கீழ குறுகலா இருக்கும், அது 1969 வாக்குல மாறி நீலமும் ஆலிவ் பச்சையுமா வேற பேட்ஜ் வந்துச்சு, 1963 கடைசியில இருந்து சீரியல் நம்பரும் போட ஆரம்பிச்சாங்க. பிரீமியர் இங்கிலாந்து கம்பெனி, 1922ல லண்டன்ல ஆரம்பிச்சது, போர் நேரத்துல 1940ல குண்டு விழுந்து லெஸ்டருக்கு மாறினாங்க. நம்ம ஊர் பேண்டு செட்டுல கிடைக்கிறது பெரும்பாலும் உத்தரப்பிரதேசத்து மீரட் சரக்காத்தான் இருக்கும், அங்க ஜாலி கோட்டினு ஒரு பகுதியே பேண்டு வாத்தியம் செய்றதுக்குப் பேர் போனது. மீரட் டிரம்னா மட்டம்னு தள்ளிடாதீங்க. நல்ல பித்தளை ஷெல் போட்ட மீரட் டிரம்மை ஒழுங்கா சரி பண்ணினா தெரு முழுக்க கேக்கும், அதுக்காகத்தானே அதைச் செஞ்சது.

பேட்ஜை மட்டும் கழட்டாதீங்க. நிறைய டிரம்ல காத்துப் போற ஓட்டையில ஒரு சின்ன உலோக வளையம் அடிச்சு அதுலயே பேட்ஜை பிடிச்சு வச்சிருப்பாங்க, அதைக் கழட்டணும்னா அந்த வளையம் கிழியும், பேட்ஜும் மடங்கும். அப்படியே வச்சு ஓரத்தை பிரஷ்ல சுத்தம் பண்ணினா போதும்.

கையில வச்சிருக்க வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. டிரம் கீ (தோலை இறுக்கித் தளர்த்துற சாவி), நல்ல ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு, பழைய டூத் பிரஷ், பனியன் துணி, தையல் மிஷின் எண்ணெய், துரு இளக்குற ஸ்ப்ரே, பாத்திரம் கழுவுற லிக்விட், அலுமினிய ஃபாயில், மாஸ்கிங் டேப், சின்ன சின்ன கவர், 220 நம்பர் 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 16 இஞ்சுக்குக் குறையாத ஒரு தடிமனான கண்ணாடி. கண்ணாடி எதுக்குனு அப்புறம் வரும். தேங்காய் எண்ணெய் மட்டும் போடாதீங்க, அது நாள்பட பிசினாகி தூசியை இழுத்து மரையை அடைச்சிரும்.

பிரிக்கிறது

தோலை அமுக்கிப் பிடிக்கிற உலோக வளையம் ரிம், அதை இறுக்குற நீளத் திருகு ராடு. ராடை எல்லாம் ஒரே பக்கமா வரிசையா கழட்டக்கூடாது. ஒண்ணை அரை சுத்து இளக்குங்க, அடுத்து அதுக்கு நேர் எதிர்ல உள்ளது, அப்படியே மாத்தி மாத்தி. ஒரு பக்கம் முழுசா விட்டு மறுபக்கம் இறுக்கமா இருந்தா ரிம் கோணிக்கும், பழைய ரிம் கோணினா நேராக்குறது பெரிய சோலி.

சுத்த வராத ராடோட மல்லுக்கட்டாதீங்க. ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க விட்டுருங்க, காலையில ராடு தலையில சின்ன சுத்தியலால லேசா ரெண்டு தட்டு தட்டி, கீயை வச்சு மொதல்ல இறுக்குற பக்கம் துளியூண்டு, அப்புறம் கழட்டுற பக்கம். முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டித்தான் வரணும். கட்டிங் பிளேயர் போட்டு முறுக்கினா தலையோட சதுரம் வழிஞ்சுரும், இல்லனா உள்ள மரை பிடுங்கிக்கும், ரெண்டுமே உங்களுக்குத்தான் செலவு.

ஸ்ட்ரெய்னர் இருக்கிற இடத்தை 1னு வச்சுக்கிட்டு கடிகாரச் சுத்துல லக் (ஷெல்லுல ராடு வந்து இறங்குற பிடி) ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. எந்த லக்குல எந்த ராடு இருந்துச்சோ அதே கவர்ல அதைப் போடுங்க, நாள்பட்ட ராடும் நட்டும் ஒண்ணுக்கொண்ணு தேஞ்சு பழகியிருக்கும், மாத்திப் போட்டா கடிக்கும்.

லக்கைக் கழட்டணும்னா ஷெல்லுக்கு உள்பக்கம் இருந்து ஸ்க்ரூ. கழட்டும்போது எவர்சில்வர் தட்டு ஒண்ணை கீழ வச்சுக்கங்க, ஏன்னா பழைய லக்குகள்ல நட்டை பிடிச்சு நிறுத்த உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது துள்ளி எங்கயாவது போயிரும். லக்கைத் திருப்பிப் பாருங்க, நட்டு ஒண்ணு ஊசலாடுற மாதிரி உக்காந்திருக்கும், அதுக்குக் கீழ ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குள்ள சின்ன ஃபெல்ட் துண்டோ பஞ்சோ சொருகியிருக்கும், அது கருப்பா பொடியா உதிரும். அந்த ஃபெல்ட் சும்மா வைக்கல. அது இல்லனா வாசிக்கும்போது ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து ஙொய்னு கூட பாடும், எவ்வளவு சுருதி வச்சாலும் அந்த இரைச்சல் போகாது. பழசைத் தட்டிட்டு, ஃபெல்ட் துண்டை சின்னதா சுருட்டி ஸ்பிரிங்குக்குள்ள விடுங்க. டெய்லர் கடையில வேஸ்ட் ஃபெல்ட் கேட்டா சும்மாவே குடுப்பாங்க. காசு செலவில்லாம டிரம் சத்தம் தெளியுற வேலைல இதுக்கு மேல ஒண்ணு எனக்குத் தெரியல.

ஷெல்லுக்கு உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. தேதி ஸ்டாம்ப் இருக்கலாம், பென்சில்ல யாரோட பேராவது, ஊர் பேராவது, எப்ப தோல் மாத்தினதுனு குறிப்பாவது இருக்கலாம். மேலூர், உசிலம்பட்டினு ஊர் பேரும் திருவிழா வருஷமும் எழுதின ஷெல் எல்லாம் வரும். அதை எந்தக் காரணம் கொண்டும் துடைக்காதீங்க, அந்த டிரம் எங்கெல்லாம் போய் வாசிச்சுச்சுங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. உள்பக்கம் காஞ்ச துணியால தூசி மட்டும் தட்டினா போதும்.

சுத்தம் பண்றது, இங்கதான் நிதானம் வேணும்

எதுக்கும் மொதல்ல வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திர லிக்விடும்தான். பாதி அழுக்கு இதுலயே போயிரும், துருனு நினைச்சது கூட பல தடவை காஞ்ச எண்ணெய்யும் தூசியும்தான். உலோக பாகத்தைக் கழுவின உடனே துடைச்சு காய வச்சிருங்க, வெயில்ல ஒரு பத்து நிமிஷம் போதும். மர ஷெல்லா இருந்தா தண்ணி ஊத்தவே கூடாது, துணியை நனைச்சு நல்லா பிழிஞ்சு துடைங்க.

குரோம் ரிம்ல பொட்டு பொட்டா துரு இருந்தா அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி தண்ணில நனைச்சு தேய்ங்க. அலுமினியம் குரோமை விட மெத்து, அதனால கீறாது, ஆனா துருவை எடுத்துரும். கொஞ்ச நேரத்துல ஃபாயில் கருப்பா சேறு மாதிரி விடும், அதைத் துடைச்சா கீழ பளிச்சுனு இருக்கும். சின்னச் சின்னதா குழி விழுந்திருந்தா அது போகாது, அங்க குரோமே இல்ல. அலுமினியம் ஷெல் மேல குரோம் போட்ட பழைய லுட்விக்ல இந்தக் குழி ரொம்ப சகஜம், சத்தத்துக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, அப்படியே விட்டுருங்க.

குரோம் இல்லாத வெறும் பித்தளையா இருந்தா நம்ம வீட்டு வழக்கமே போதும், புளியைக் கரைச்சு தேய்ச்சா களிம்பு போயிரும், நல்லா கழுவி காய வச்சிருங்க. ஆனா இந்தப் புளியையோ எலுமிச்சையையோ வினிகரையோ லக்குல போட்டுறாதீங்க. லக் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சுல வார்த்தது, புளிப்பு பட்டா அதை அரிச்சிரும், மேல உள்ள முலாமும் தோல் உரியுற மாதிரி உரிஞ்சு வரும். பித்தளை ஷெல் மேலயும் கண்ணாடி மாதிரி லாக்கர் பூசியிருக்கானு பாருங்க, இருந்தா புளியும் வேணாம் பாலிஷும் வேணாம், சோப்புத் தண்ணி மட்டும். வினிகர்ல ஊற வைக்கலாம்னா அது முலாம் இல்லாத இரும்பு ஸ்க்ரூ, வாஷர் மட்டும்தான், ஊறினதும் ஆப்ப சோடாத் தண்ணில அலசி, துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய்.

மர ஷெல் மேல முத்துச்சிப்பி மாதிரி மினுமினுக்குற ஷீட் ஒட்டியிருந்தா அது பழைய செல்லுலாய்டா இருக்கலாம். கை விரலால ஒரு இடத்தை சூடு வர்ற வரைக்கும் தேய்ச்சு மோந்து பாருங்க, கற்பூர வாசம் வந்தா செல்லுலாய்டு, அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பாங்க. வாசம் மட்டும் இல்ல, தீயும் கற்பூரம் மாதிரியே டக்குனு பிடிக்கும், அதனால அதுக்குப் பக்கத்துல பத்தவைக்கிறது, ஹீட் கன், சால்டரிங் எதுவும் வேணாம், மொட்டை மாடி வெயில்லயும் போட்டு வைக்காதீங்க. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா ஷீட்டு கரைஞ்சு கோடு விழுந்துரும். ஓரம் தூக்கியிருந்தா தூக்கின இடத்துக்கு மட்டும் கான்டாக்ட் பசை மெல்லிசா விட்டு அமுக்கிக் கட்டுங்க, முழுசா உரிச்சு புதுசு ஒட்டுற எண்ணமே வேணாம்.

ஒரு வார்த்தை, பழைய பெயிண்டை உரசினா தூசியில ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. மாஸ்க் போடுங்க, குழந்தைங்க விளையாடுற இடத்துல செய்யாதீங்க.

ஷெல்லும் விளிம்பும்

தோல் வந்து உக்காருற விளிம்புக்கு பேரிங் எட்ஜ்னு பேரு. டிரம்மோட உயிர் அதுலதான் இருக்கு. விளிம்பு சமமா இல்லனா எவ்வளவு விலை ஹெட் (தோலைத்தான் அப்படிச் சொல்றது) போட்டாலும் ஒரு லக் பக்கம் செத்த சத்தம்தான் வரும்.

இதுக்குத்தான் அந்தக் கண்ணாடி. சமதளமான மேஜையில கண்ணாடியைப் போட்டு, ஷெல்லோட மேல்பக்கத்தை, அதாவது குச்சியால அடிக்கிற பக்கத்தை, அது மேல கவுத்து வைங்க. ரூம் லைட்டை அணைச்சிட்டு ஷெல்லுக்குள்ள டார்ச் விடுங்க. வெளிய இருந்து கண்ணை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டு வந்து சுத்திப் பாருங்க. எங்க வெளிச்சம் கசியுதோ அங்க பள்ளம். ஒரு பேப்பர் கூட நுழையாத அளவு கசிஞ்சா கண்டுக்காதீங்க, ஹெட் அதைச் சமாளிச்சுக்கும்.

இப்ப ஷெல்லைத் திருப்பி கீழ்ப்பக்கத்தை வைங்க. எதிரெதிரா ரெண்டு இடத்துல நல்லா வெளிச்சம் வரும். ஐயோ தேஞ்சு போச்சேனு பதறாதீங்க. அது பழுது இல்ல, வேணும்னே அப்படி வச்சது, ஸ்னேர் பெட்னு பேரு. கம்பியோட ரெண்டு முனையும் தோலுக்கு அடியில பதிஞ்சு உக்காரணும்ல, அதுக்காக அந்த ரெண்டு இடத்துலயும் விளிம்பை லேசா இறக்கியிருப்பாங்க. புதுசா செய்றவங்க இதைப் பள்ளம்னு நினைச்சு உப்புத்தாள் போட்டு முழு விளிம்பையும் சமமாக்கிடுறாங்க, அதோட கம்பி தோலோட ஒட்டாது, டிரம் டாம் மாதிரி டொம்முனு மட்டும் கேக்கும், அந்தப் பள்ளத்தை மறுபடி சரியா இறக்குறதுக்கு நல்ல கைவேலைக்காரர் வேணும். அதனால கீழ் விளிம்பைத் தொடாதீங்க, பிசிறு இருந்தா 400 நம்பர் தாளால விரல் நுனியில தடவி விடுறதோட நிறுத்திக்கங்க.

மேல் விளிம்புல நெசமாவே மேடு பள்ளம் இருந்து, மர ஷெல்லா இருந்தா, கண்ணாடி மேல 220 தாளை டேப் போட்டு ஒட்டி, ஷெல்லை ரெண்டு கையாலயும் சமமா பிடிச்சு, அமுக்காம, மெதுவா வட்டமா நகத்துங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை ஷெல்லைத் திருப்பிப் பிடிங்க, நம்ம கை எப்பவும் ஒரு பக்கம் கூட அமுக்கும். நாலஞ்சு சுத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் நின்ன உடனே நிறுத்துங்க. உலோக ஷெல்லுல இந்த வேலை வேணாம், அங்க விளிம்பு மடிச்சு விட்டது, தேய்ச்சா ஓட்டையாயிரும்.

அடுத்து வட்டமா இருக்கானு பாருங்க. அளவு டேப்பை வச்சு குறுக்க நாலு இடத்துல அளங்க. அரை நூல், அதாவது இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு, வித்தியாசம் வரைக்கும் பரவாயில்ல. அதுக்கு மேல போனா ஹெட் ஒரு பக்கம் பிடிக்கும் ஒரு பக்கம் ஆடும். ரிம்மையும் இதே கண்ணாடியில வச்சு ஆடுதானு பாருங்க, லேசா ஆடினா உயரமா நிக்கிற பக்கத்தை தரையில வச்சு உள்ளங்கையால கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி நேராக்கலாம்.

பித்தளை ஷெல்லுல ஒடுக்கு விழுந்திருந்தா பாத்திரத்துல ஒடுக்கு எடுக்கிற ஆசாரிகிட்ட கொண்டு போங்க, வெண்கலக்கடைத் தெருப் பக்கமோ செல்லூர் பாத்திரப் பட்டறைகள்லயோ விசாரிச்சா நல்ல கைக்காரங்க கிடைப்பாங்க. போன உடனே தெளிவா சொல்லிருங்க, "அண்ணே, ஒடுக்கு மட்டும் எடுத்தா போதும், பஃப் போட வேணாம், சூடு காட்ட வேணாம்"னு. பக்கத்துலயே நின்னு வாங்கிட்டு வாங்க. சூடு காட்டினா ஷெல்லோட பத்த வச்ச இடம் விட்டுப் போகலாம், பஃப் போட்டா எழுத்து, கோடு எல்லாம் மழுங்கிரும்.

மர ஷெல்லுல ஒட்டுப்பலகை அடுக்கு விட்டுப் பிரிஞ்சிருந்தா இது வீட்டுலயே செய்யலாம். பிரிஞ்ச இடத்துல தூசியை ஊதிட்டு, மெடிக்கல்ல ஒரு சிரிஞ்சு வாங்கி மர கோந்தை கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி உள்ள ஏத்துங்க. அப்புறம் பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டி ஷெல்லைச் சுத்தி இழுத்து இழுத்துக் கட்டுங்க, வட்டமான பொருளுக்கு இதை விட நல்ல கிளாம்ப் கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே அளவுல அமுக்கும். வெளிய வழியுற கோந்தை ஈரத்துணியால உடனே துடைச்சிருங்க. ஒரு நாள் முழுக்க தொடாதீங்க. மரத்துல பொடி உதிருற சின்ன ஓட்டைகள் இருந்தா உளு விழுந்திருக்குனு அர்த்தம், மொதல்ல அதுக்கு மர மருந்து அடிச்சு நாள் குடுத்து அப்புறம்தான் கோந்து வேலை.

இல்லாத பாகம்

ராடு ஒண்ணு ரெண்டு கட்டாயம் இல்லாம இருக்கும். மரை எல்லாத்துக்கும் ஒண்ணு கிடையாது, இங்கதான் நிறைய பேர் டிரம்மைக் கெடுக்குறாங்க. அமெரிக்க டிரம்ல பெரும்பாலும் 12-24 மரை (12 நம்பர் திருகு, இஞ்சுக்கு 24 சுத்து), ஜெர்மன் சோனார்ல 6 மில்லிமீட்டர், மீரட் சரக்குல பட்டறைக்கு பட்டறை மாறும். புது ராடு கையாலயே நாலஞ்சு சுத்து இலகுவா போகணும். ரெண்டு சுத்துல பிடிச்சா அது வேற மரை, கீ போட்டு ஏத்தாதீங்க. நல்லா இருக்கிற பழைய ராடு ஒண்ணையும் நட்டையும் எடுத்துக்கிட்டு லேத் பட்டறைக்குப் போங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ராடு கடைஞ்சு அதே மரை போட்டுத் தருவாங்க. லக் உடைஞ்சிருந்து புதுசு வேணும்னா ஓட்டைக்கு ஓட்டை தூரம் அளந்துட்டு வாங்குங்க, அளவு ஒத்து வரலனா வேற தேடுங்க, ஷெல்லுல புது ஓட்டை போடாதீங்க.

தோல்

1950கள் கடைசியில பிளாஸ்டிக் ஹெட் வர்றதுக்கு முன்ன இந்த மாதிரி டிரம்ல பெரும்பாலும் கன்னுக்குட்டித் தோல்தான். அந்த ஹெட் வந்ததுக்கு அப்புறம் மழை வெயில் பயம் போச்சு, அதனால நீங்க தினம் வாசிக்கப் போறீங்கன்னா பிளாஸ்டிக்கே போடுங்க. மேல அடிக்கிற பக்கம் 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன், வெள்ளையா பூச்சு போட்டது. கீழ்ப்பக்கம் 3 மில்தான், பட்டம் விடுற பேப்பர் கணக்கா மெல்லிசு, கடையில ஸ்னேர் சைடுனு கேட்டு வாங்கணும். ரெண்டும் 14தானேனு மேல் ஹெட்டையே கீழயும் மாட்டினா கம்பி பேசவே பேசாது. பழைய இங்கிலாந்து டிரம் சிலதுல அளவு அரை நூல் கூடக் குறைய இருக்கும், புது ஹெட் சிக்கினா தட்டி ஏத்தாதீங்க, ஷெல்லை கடைக்கே தூக்கிட்டுப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்க.

பழைய தோல் கிழியாம இருந்தா, அல்லது தோல் சத்தம்தான் வேணும்னா, அதுக்கு ஆள் நம்ம பக்கமே இருக்காங்க. மிருதங்கம் தவில் மூட்டுறவங்க, வாடிப்பட்டிப் பக்கம் தப்பு கட்டுறவங்ககிட்ட மெல்லிசா சீவின கன்னுத்தோலோ ஆட்டுத்தோலோ கேட்டா பார்த்துத் தருவாங்க, தோலைத் தொட்டே எது எந்தப் பக்கத்துக்கு ஆகும்னு சொல்ற அறிவு அவங்ககிட்டதான் இருக்கு, காசைப் பேரம் பேசாதீங்க. தோலை வட்டத்தை விட சுத்தியும் ரெண்டு இஞ்சு கூட வச்சு வெட்டி, பச்சைத் தண்ணில அரை மணி நேரம் போல ஊற வைங்க, துணி மாதிரி வளையணும். மேஜையில விரிச்சு, பழைய தோல் சுத்தியிருந்த மர வளையத்தை நடுவுல வச்சு, ஓரத்தை மேல மடிச்சு, ஸ்பூன் காம்பால வளையத்துக்கு அடியில சொருகிக்கிட்டே வாங்க, இங்கயும் எதிரெதிர் கணக்குதான், இங்க கொஞ்சம், நேர் எதிர்ல கொஞ்சம். சுருக்கம் இல்லாம ஆனதும் ஷெல்லுல ஏத்தி, ரிம் போட்டு, ராடை கையால மட்டும் இறுக்கி, தோல் விளிம்புக்குக் கீழ லேசா இறங்குற மாதிரி விட்டு நிழல்ல காய விடுங்க. ஃபேன் காத்தும் வேணாம் வெயிலும் வேணாம், வேகமா காஞ்சா ஒரு பக்கம் இழுத்துரும். ஒரு நாள், மழைக்காலம்னா ரெண்டு நாள். அதுக்கப்புறம்தான் கீ.

கம்பியும் லிவரும்

கம்பியைக் கண்ணாடி மேல வச்சுப் பாருங்க, இப்ப வர்றதுல பொதுவா 20 இழை. எல்லாம் படுத்திருக்கணும். ஒண்ணு ரெண்டு இழை வளைஞ்சு தூக்கியிருந்தா நேராக்க முயற்சி பண்ணாதீங்க, முனையில வெட்டி எடுத்துருங்க, மத்தது வேலை செய்யும். ரொம்ப போயிருந்தா புதுசே வாங்கலாம், விலை கம்மிதான், பழசைப் பத்திரமா எடுத்து வைங்க.

கட்டுறதுக்கு நைலான் கயிறு, இல்லனா பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அரை இஞ்சு பட்டையா வெட்டிக்கிட்டா கயிறை விட நல்லா பிடிக்கும், அறுக்காது. லிவரை இறக்கி விட்ட நிலையில, இறுக்குற திருகை நடுவுல வச்சுக்கிட்டு கட்டணும், அப்பதான் பின்னாடி கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கும். ரெண்டு முனையும் விளிம்புல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும். ஸ்ட்ரெய்னர் உள்ள ஸ்பிரிங்குலயும் திருகுலயும் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

சுருதி

கீழ்த்தோல்ல இருந்து ஆரம்பிங்க. எல்லா ராடையும் விரலால இறுகுற வரைக்கும், அப்புறம் கீயில அரை அரை சுத்து, நேர் எதிர் எதிரா. ரெண்டு சுத்து வந்ததும் மேல்தோல்னா நடுவுல உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்குங்க, கறக்குனு ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க, ஹெட் உக்காருது. கீழ்த்தோலை அப்படி அமுக்காதீங்க, அது தாங்காது. அப்புறம் ஒவ்வொரு ராடுக்கும் நேரா விளிம்புல இருந்து ஒரு இஞ்சு உள்ள குச்சி முனையால தட்டி எல்லா இடமும் ஒரே சத்தம் வருதானு கேளுங்க, தட்டும்போது நடுவுல ஒரு விரலை லேசா வச்சுக்கிட்டா தெளிவா கேக்கும். கம்மியா கேக்குற ராடை கால் சுத்து ஏத்தினா எதிர்ல உள்ளதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அதுவும் சேர்ந்து மாறியிருக்கும். கீழ்த்தோல் மேல்தோலை விட சுருதி கூட இருக்கட்டும். கடைசியாதான் கம்பி, லிவரைத் தூக்கி மெதுவா தட்டிக்கிட்டே திருகை ஏத்துங்க, ரொம்ப மெல்லிசா தட்டினாலும் கம்பி பதில் சொல்ற இடத்துல நிறுத்திருங்க, அதுக்கு மேல இறுக்கினா தொண்டை அடைச்ச சத்தம் வரும்.

நம்ம ஊர் வெயிலுக்கு

சித்திரை, வைகாசியில இங்க காத்து காஞ்சு கிடக்கும், ஐப்பசி மழைக்கு எல்லாம் ஊறும். தோல் போட்ட டிரம் இதை அப்படியே காட்டும், வெயில்ல சுருதி ஏறும், மழையில தொங்கும். ஈரத்துல இறுக்கி வச்சதை அப்படியே வெயில்ல கொண்டு போனா தோல் கிழியலாம், அதனால வெளிய கிளம்பும் முன்ன கால் சுத்து இறக்கிட்டுப் போங்க. அதுக்குனு வாசிச்சு முடிச்சதும் முழுசா தளர்த்தி வைக்கவும் கூடாது, விளிம்புல படிஞ்ச படிவு போயி மறுபடி உக்காராது. பிளாஸ்டிக் ஹெட்டுக்கு இந்தக் கவலை இல்ல, ஆனா பூட்டின காருக்குள்ள மத்தியானம் விட்டுட்டுப் போகாதீங்க, மர ஷெல் ஒட்டு விட்டுரும். வீட்டுல வைக்கும்போது வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து துரு பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி ஒண்ணைச் சுத்தி வைங்க.

நீங்க கழட்டி எடுத்த பழைய கம்பி, தேஞ்ச ராடு, உடைஞ்ச லக், கிழிஞ்ச தோலோட மர வளையம், பிரிக்கும் முன்ன எடுத்த போட்டோ பிரிண்ட், என்னென்ன மாத்தினீங்கனு தேதி போட்டு எழுதின சீட்டு, எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு டிரம்மோடயே வைங்க. நாளைக்கு வேற யார் கைக்குப் போனாலும் எது பழசு, எது நீங்க போட்டதுனு தெரிஞ்சு அங்க இருந்து வேலையைத் தொடருவாங்க.